பின்னால் பத்து சர்வர், முன்னால் ஒற்றை வாசல்

ஆசிரியர் அவர்களுக்கு,

தேர்வு முடிவு நாளில் இணையதளம் முடங்கினால், ‘கூடுதல் சர்வர் போடுவோம்’ என்பதே வழக்கமான பதில். பின்னால் பத்து சர்வர் இருந்தும், வரும் கூட்டத்தைப் பிரித்தனுப்பும் லோடு பேலன்சர் ஒற்றை இயந்திரமாக இருந்தால், அது படுத்ததும் பத்தும் சும்மா கிடக்கும். இதைத் தவிர்க்கப் பெரிய செலவில்லை. 2001 முதல் இலவசமாகக் கிடைக்கும் லோடு பேலன்சர் மென்பொருளான ஹெச்ஏபிராக்ஸியையும், கூடவே ஒரு இயந்திரம் விழுந்தால் மற்றதை அதன் இடத்தில் நிறுத்தும் கீப்அலைவ்டியையும் இரண்டு சாதாரண லினக்ஸ் இயந்திரங்களில் நிறுவினால் போதும்.

இரண்டுக்கும் பொதுவாக ஒரு விர்ச்சுவல் ஐபி, அதாவது ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறக்கூடிய இணைய முகவரி. முன்னுரிமை எண் ஒன்றுக்கு 101, மற்றதற்கு 100. எண் கூடியதிடமே ஐபி இருக்கும். முதலாவது விநாடிக்கொரு முறை தன் இருப்பை அறிவிக்கும். அது நின்றுபோனால், சுமார் நான்கு விநாடிக்குள் இரண்டாவது அந்த ஐபியை எடுத்துக்கொள்ளும். இந்த அறிவிப்பு, போர்ட் எனப்படும் வாசல் எண்களில் போகும் வழக்கமான டிசிபியும் இல்லை, யுடிபியும் இல்லை. அது தனி வகை, ஐபி புரோட்டோகால் எண் 112. வருவதை வடிகட்டும் ஃபயர்வாலில் போர்ட்டை மட்டும் திறந்துவிட்டு இதை மறந்தால், இரண்டும் ஒரே ஐபிக்கு உரிமை கொண்டாடும்.

இயந்திரம் உயிரோடு இருந்து ஹெச்ஏபிராக்ஸி மட்டும் செத்தால் கீப்அலைவ்டிக்குத் தானாகத் தெரியாது. அதைச் சோதிக்க ஒரு ஸ்கிரிப்ட் (சிறு நிரல்) வேண்டும். அந்தச் சோதனை தோற்றால் முதல் இயந்திரத்தின் முன்னுரிமை குறைந்தது 2 இறங்க வேண்டும். 1 மட்டும் இறங்கினால் இருவரும் 100-இல் சமமாகி, ஐபி நகராது. ‘ஐபி_நான்லோக்கல்_பைண்ட்’ என்ற லினக்ஸ் அமைப்பின் மதிப்பை 1 ஆக்காவிட்டால், தன்னிடம் இல்லாத ஐபியில் இரண்டாம் இயந்திரத்தின் ஹெச்ஏபிராக்ஸி கிளம்பவே கிளம்பாது.

இதைவிட மோசமானது அரைகுறைச் சோதனை. ஹெச்ஏபிராக்ஸி அமைப்பில் பின்னால் உள்ள சர்வருக்கு வெறுமனே ‘செக்’ என்று எழுதினால், அது 2 விநாடிக்கொரு முறை போர்ட் திறந்திருக்கிறதா என்று மட்டுமே பார்க்கும். டேட்டாபேஸ் இணைப்பை இழந்த சர்வருக்கும் போர்ட் திறந்துதான் இருக்கும். அது பிழைப் பக்கத்தை நொடியில் கொடுத்துவிட்டுக் காலியாக நிற்கும். இணைப்பு குறைவாக உள்ள சர்வரைத் தேர்ந்தெடுக்கும் ‘லீஸ்ட்கான்’ முறையில் காலியானவருக்கே அடுத்த ஆள் போவதால், நோயாளி சர்வரே கூட்டத்தை இழுத்துக்கொள்ளும். ஆகவே டேட்டாபேஸைத் தொட்டுவிட்டு 200 (‘எல்லாம் சரி’ என்ற குறியீடு) என்று பதில் தரும் சிறு பக்கம் ஒன்றைச் சோதிக்க வேண்டும். அந்தப் பக்கம் டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வி கனமாக இருந்தால், நெரிசலில் எல்லா சர்வரும் ஒருசேர வெளியேற்றப்பட்டு, ‘சேவை இல்லை’ என்ற 503 பிழை வரும். ஒற்றை வரி வினவல் போதும்.

முடிவு நாளுக்கு உண்மையில் கைகொடுப்பது ஒவ்வொரு சர்வருக்கும் தனியாகக் கொடுக்கும் ‘மேக்ஸ்கான்’, அதாவது ஒரே நேரத்தில் எத்தனை இணைப்பு என்ற வரம்பு. சர்வர் தாங்குமளவு 200 என்றால், 201-ஆவது ஆள் லோடு பேலன்சரின் வரிசையில் காத்திருப்பார், சர்வர் சாயாது. ஆனால் வரிசையில் எவ்வளவு நேரம் காத்திருக்கலாம் என்ற ‘டைம்அவுட் க்யூ’ எழுதாவிட்டால், சர்வரோடு இணையக் கொடுக்கும் நேரமான ‘டைம்அவுட் கனெக்ட்’ அளவே அதற்கும் பொருந்தும். அங்கே 5 விநாடி என்றிருந்தால் வரிசையில் நிற்பவரும் 5 விநாடியில் துரத்தப்படுவார். ‘டைம்அவுட் க்யூ’வுக்கு 30 விநாடி கொடுக்கலாம்.

முடிவு வெளியாவதற்கு ஒரு வாரம் முன்பே, முதல் இயந்திரத்தின் மின்கம்பியைப் பிடுங்கிப் பார்த்துவிடுவது நல்லது. இரண்டும் ஒரே மின்பலகையில் செருகப்பட்டிருந்தால் அதுவும் அப்போது தெரிந்துவிடும்.

– ஒரு சர்வர் நிர்வாகி,
கோயம்புத்தூர்