சிங்கப்பூர் குவீன்ஸ்டவுனில் பழைய மூவறை வீடு வாங்கியிருப்பவர்களுக்கு

புதிதாகக் குடிவரும் தம்பி, தங்கைகளுக்கு வணக்கம்.

எங்கள் புளோக்கில் இந்த வருடம் மூன்று வீடுகள் கைமாறிவிட்டன. மூன்றிலும் சுவர் உடைக்கிறார்கள். சத்தத்தைப் பற்றிக் குறை சொல்ல வரவில்லை. வாரநாளில் காலை 9 முதல் மாலை 5 வரைதான் உடைக்கலாம் என்ற விதியை எல்லாரும் மதிக்கிறார்கள். நானும் உடைத்துக் கட்டியவள்தான். சொல்ல வந்தது காற்றைப் பற்றி.

நம் அடுக்குமாடி வீடுகளைக் கட்டிய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) 1960 பிப்ரவரியில் தொடங்கியது. அதே வருடம் அக்டோபரில் இங்கே ஸ்டெர்லிங் ரோட்டில் 45, 48, 49 ஆகிய ஏழு மாடி புளோக்குகள் தயார். கம்பத்து (அந்தக் காலக் கிராமத்து) வீடுகளில் நெருக்கியடித்து இருந்தவர்களுக்கு அவசரமாகக் கட்டியவை, ஆடம்பரம் கிடையாது. ஆனால் எங்கள் புளோக் மாதிரியான அந்தக் காலத்து நீள புளோக்குகளில் ஒரு கணக்கு இருக்கிறது. முன்னால் பொதுத் தாழ்வாரம், பின்னால் சமையலறை ஜன்னல். முன்கதவைத் திறந்தால் காற்று கூடத்தைத் தாண்டிப் பின்பக்கம் வெளியே போய்விடும்.

அந்த வழியைத்தான் நான் அடைத்தேன். கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவே திறக்க முடியாத கண்ணாடித் தடுப்பு. "ஏர்கான் வீணாகாது மேடம்" என்றார் கான்ட்ராக்டர். பார்க்கவும் அழகாகத்தான் இருந்தது. டிசம்பர் மழையில் சமையலறைக் கூரை மூலையில் கறுப்புப் புள்ளிகள் வந்தன. உப்புச் சாடியில் கரண்டி வைத்தால் கட்டிகட்டியாக வந்தது. துவைத்த துணி இரண்டு நாள் ஆகியும் காயவில்லை. கடைசியில் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, தள்ளித் திறக்கும் கதவு போட்டோம். ஒரு வேலைக்கு இரண்டு முறை பணம். கூரைப் புள்ளியைத் துடைத்துச் சாயம் அடித்தோம், திரும்ப வரவில்லை.

அதனால் கேட்கிறேன்: தடுப்பு வையுங்கள், ஆனால் திறக்கிற மாதிரி வையுங்கள். தாழ்வாரத்து ஜன்னலை அலமாரியால் மறைக்காதீர்கள். எந்தச் சுவரானாலும் பெர்மிட் வாங்காமல் தொடாதீர்கள். கட்டடத்தைத் தாங்கும் சுவரை உடைக்க அனுமதியே கிடைக்காது.

அப்புறம் குளியலறை. தரை ஓடுகளைப் பெயர்த்தால் அடியில் நீர்க்காப்புப் பூச்சை முழுதாகப் புதிதாய்ப் போடச் சொல்லுங்கள். உங்கள் தரைதான் கீழ்வீட்டாரின் கூரை. ஒழுகினால் பழுதுபார்ப்பது இரு வீட்டாருக்கும் சேர்ந்த பொறுப்பு. வேலை தொடங்குமுன் கீழே போய்க் கதவைத் தட்டி ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

தள்ளுகதவு எப்படிப் போட்டோம் என்று பார்க்க நினைத்தால் எங்கள் வீட்டுக்கு வாருங்கள். பகலில் முன்கதவு திறந்துதான் இருக்கும்.

அன்புடன்,
ஆறாம் மாடி அக்கா