வீடு வருமுன் குழாய் வரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்னைக்காகக் கடல்நீரிலிருந்து நாளொன்றுக்கு 15 கோடி லிட்டர் குடிநீர் எடுக்கும் இரண்டாவது நிலையம் நெம்மேலியில் 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. அதே ஊரில் 10 கோடி லிட்டர் நிலையம் ஒன்று 2013 முதல் இருக்கிறது. பக்கத்திலுள்ள பேரூரில் 40 கோடி லிட்டர் நிலையத்துக்கு 2023இல் அடிக்கல் நாட்டப்பட்டது. மூன்றுக்கும் இடம் எங்கள் செங்கல்பட்டு மாவட்டக் கடற்கரைதான். ஆயினும் சென்னைக்குத் தெற்கே உள்ள நாவலூர், படூர், கேளம்பாக்கம் பகுதிகளின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் பல, இன்றும் லாரித் தண்ணீரை நம்பியே நாளைத் தொடங்குகின்றன.

2011இல் சென்னை மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தபோது, பழைய மாமல்லபுரம் சாலையில் அதன் எல்லை செம்மஞ்சேரியோடு நின்றது. அதற்குத் தெற்கே உள்ளவை பெரும்பாலும் ஊராட்சிகள். இருபது மாடிக் கட்டடத்துக்கு அனுமதி கிடைக்கும் இடத்தில், குடிநீர் தரும் பொறுப்பு மட்டும் சில ஆழ்துளைக் கிணறுகளையும் ஒரு மேல்நிலைத் தொட்டியையும் வைத்திருக்கும் ஊராட்சியின் தலையில் விழுகிறது. பேரூரிலிருந்து சென்னையின் போரூர் வரை சுமார் 59 கிலோமீட்டருக்குக் குழாய் பதிக்கத் திட்டமிட முடிந்த நமக்கு, வழியிலுள்ள ஊர்களுக்குக் கிளைக்குழாய் பதிப்பது முடியாத காரியமன்று.

2019 கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். அந்த மாதங்களில் எங்கள் குடியிருப்பில் காலை ஒரு மணி நேரமும் மாலை ஒரு மணி நேரமுமே தண்ணீர் திறந்துவிட்டோம். 12,000 லிட்டர் லாரிக்காக இரவு இரண்டு மணிக்கு நிலத்தடித் தொட்டி (சம்ப்) அருகே காத்திருந்திருக்கிறேன். ஒருநாள் ஓட்டுநரிடம் எங்கிருந்து எடுத்து வருகிறீர்கள் என்று கேட்டேன். திருப்போரூர்ப் பக்கம் ஒரு வயல் கிணறு என்றார். நாங்கள் குளித்தது ஓர் உழவரின் அடுத்த போகத்துத் தண்ணீரில். கடலை ஒட்டிய இந்த நிலத்தில் நன்னீரை அளவுக்கு மீறி இறைத்தால் உப்புநீர் உள்ளே ஏறும். ஏறிய உப்பு எளிதில் இறங்காது.

கடல்நீர் நிலையங்கள் வேண்டாம் என்பதல்ல என் வாதம். மழை பொய்த்த ஆண்டில் அவைதாம் கைகொடுக்கும். ஆனால் ஆயிரம் லிட்டருக்கு மூன்று, நான்கு யூனிட் மின்சாரம் செலவாகும் நீரைக் கழிப்பறைக்கும் செடிகளுக்கும் விடுவது எவ்வகையிலும் நியாயமாகாது. சென்னையின் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் நாளொன்றுக்குத் தலா 4.5 கோடி லிட்டர் கழிவுநீரைச் சுத்திகரித்துத் தொழிற்சாலைகளுக்கு அனுப்பும் நிலையங்கள் 2019 முதல் இருக்கின்றன. சிறுசேரி தொழில்நுட்பப் பூங்காவை வைத்திருக்கும் தென்பகுதிக்கும் அத்தகைய நிலையமும், அந்த நீரைக் கொண்டுபோகத் தனிக்குழாயும் வேண்டும். சாலையைத் தோண்டும்போதே இரண்டு குழாய்களையும் சேர்த்துப் பதித்துவிட்டால் மறுபடி தோண்ட வேண்டியிராது. தையூர், மாம்பாக்கம், சிறுசேரி ஏரிகளின் வரத்துக் கால்வாய்களையும் மிகைநீர் வெளியேறும் கலங்கல்களையும் அளந்து, கரையைப் பலப்படுத்தி, அவற்றையும் குடிநீர்க் கணக்கில் சேர்க்க வேண்டும். இன்று அவற்றை வெள்ளக் கணக்கில் மட்டுமே நினைக்கிறோம்.

சென்னைப் பெருநகரப் பகுதி 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரிவாக்கப்பட்டது 2022இல். அதை அடுத்து உருவாகும், நிலப் பயன்பாட்டை வகுக்கும் மூன்றாவது முழுமைத் திட்டத்தில் (மாஸ்டர் பிளான்), எந்த இடத்தில் எத்தனை மாடி என்று வண்ணம் தீட்டும் வரைபடத்தோடு, அந்த இடத்துக்கு எந்த ஆண்டில், எந்த ஆதாரத்திலிருந்து, எத்தனை லிட்டர் தண்ணீர் வரும் என்ற அட்டவணையும் இணைந்திருக்க வேண்டும். அந்த அட்டவணையில் இடம்பெறாத பகுதியில், குழாய் வரும்வரை பெரிய குடியிருப்புகளுக்கு அனுமதி தரக்கூடாது. இதனால் வீட்டு விலை ஏறும் என்பார்கள். வாங்கிய பின் மாதந்தோறும் லாரிக்குக் கொடுக்கும் பணமும் அந்த வீட்டின் விலைதானே?

இது குறித்த கருத்துக்கேட்புக் கூட்டங்களைச் சென்னையில் மட்டும் நடத்தாமல் கேளம்பாக்கத்திலும் திருப்போரூரிலும், கிணற்று நீரை விற்க நேர்ந்த உழவர்களும் வந்து பேசும் வகையில், விடுமுறை நாளில் நடத்துமாறு அரசை வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கேளம்பாக்கம்.