அந்த இரண்டு மிஸ்டு கால்

அன்புள்ள பாப்பா,

அன்றைக்குக் காலையில் என் நம்பரிலிருந்து இரண்டு மிஸ்டு கால் வந்திருப்பதைப் பார்த்துவிட்டு நீ பதறியடித்துக் கூப்பிட்டாய். கை பட்டுவிட்டது என்று சொன்னேன். அது பொய், கண்ணு. வேண்டுமென்றேதான் அடித்தேன். ஏன் என்று போனில் சொல்ல வரவில்லை. அப்பா பேச்சு எடுத்தாலே நீ வேறு பேச்சுக்குப் போய்விடுகிறாய், எனக்கும் தொண்டை அடைத்துக்கொள்கிறது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். நிதானமாகப் படி.

கல்கத்தாவைப் பார்க்க ஆசையாக இருந்தால் விமானத்தில் போங்கள், டிக்கெட் நான் போடுகிறேன் என்றாய். எனக்குக் கல்கத்தா முக்கியமில்லை. அந்த ரோட்டைப் பார்க்க வேண்டும். நம் தெருமுனையில் ஓடுகிற ஜி.என்.டி. ரோடுதான். கல்யாணமாகி மெட்ராஸ் மூலக்கடைக்கு வந்த நாளிலிருந்து ராத்திரி லோடு வண்டி போகும்போது அலமாரியில் எவர்சில்வர் தட்டுகள் கிணுகிணு என்று அதிரும். அந்தச் சத்தத்தில்தான் தூங்கிப் பழகினேன். அது செங்குன்றம், கும்மிடிப்பூண்டி தாண்டி, ஆந்திராவும் ஒடிசாவும் கடந்து கல்கத்தா வரை போகிறது. ஏறக்குறைய 1,700 கிலோமீட்டர். அப்போது என்.எச். 5, இப்போது 16 என்கிறார்கள். உன் அப்பா 24 வருஷம் அந்த லைனில் வண்டி ஓட்டினார். மாதத்தில் இருபது நாள் அவருக்கு வீடு அதுதான். நான் செங்குன்றத்துக்கு அடுத்த காரனோடை பாலத்தைக்கூடத் தாண்டியதில்லை.

வேன் அத்தையிடம் ஒருநாள் இதைச் சொன்னேன். வீட்டுக்காரர் போன பிறகு அவருடைய ஸ்கூல் வேனையே எடுத்து ஓட்டி இரண்டு பிள்ளைகளைக் கரையேற்றியவள். நீயும் ஐந்து வருஷம் அந்த வேனில்தான் போனாய். என் பேச்சைக் கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனாள். மறுவாரம் வந்து, "பொங்கல் முடிஞ்சதும் கிளம்பலாம், வண்டிக்கு நாலு டயரும் மாத்திட்டேன்" என்றாள். அவளிடம் இருப்பது அந்தச் சின்ன வேகன் ஆர்தான். அதில்தான் போனோம். அவள் வைத்த சட்டம் ஒன்றே ஒன்று: பொழுது சாய்ந்தால் ஸ்டியரிங்கைத் தொடமாட்டேன். விடியற்காலை இரண்டு மணியிலிருந்து ஐந்து மணி வரைக்கும்தான் டிரைவருக்கு எமன் வருவான் என்று அப்பாவும் சொல்வார், நினைவிருக்கிறதா?

விடியற்காலை மாதவரம் ரவுண்டானாவைச் சுற்றிப் போனபோது எனக்குக் கை சில்லிட்டுவிட்டது. எளாவூர், ஆரம்பாக்கம், தடா என்று அவர் வாயால் கேட்ட பெயர்கள் எல்லாம் பலகையில் ஒவ்வொன்றாக வந்தன. பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்ததைக் கடைசியில் கண்ணால் பார்க்கிற மாதிரி இருந்தது. நெல்லூரில் பெண்ணை ஆறு, ஓங்கோல், குண்டூர் பக்கம் மிளகாய் நெடி. பொழுது சாய்வதற்குள் பெஜவாடா சேர்ந்துவிட்டோம். விஜயவாடாவை லாரிக்காரர்கள் அப்படித்தான் சொல்வார்கள். அங்கே ஆட்டோ நகர் என்று லாரி வேலைக்கென்றே ஒரு பெரிய பேட்டை இருக்கிறது. மறுநாள் காலையில் அதற்குள் போய்ப் பார்த்தோம். வரிசையாக லாரிகள், கேபினைத் தனியாகக் கழற்றி வைத்து வேலை செய்கிறார்கள், வெல்டிங் பொறி பறக்கிறது. ஸ்பிரிங் பட்டை உடைந்துவிட்டது, பெஜவாடாவில் மூன்று நாள் என்று அவர் சொல்லும்போது நான் நம்பமாட்டேன். எங்கேயோ சுகமாக இருந்துவிட்டு வருகிறார் என்று நினைப்பேன். அங்கே ஒரு டிரைவர் வண்டிக்கு அடியில், கிரீஸ் மண்ணில், லுங்கியை விரித்துத் தூங்கிக்கொண்டிருந்தார். தலைக்கு ஒரு செங்கல். அத்தை என் தோளைத் தொட்டு, "வா, போலாம்" என்றாள்.

ராஜமுந்திரிக்குப் போகும் வழியில் கடியத்தில் ரோட்டோரமாகக் கண் போகிற தூரம் வரை நர்சரித் தோட்டம், சாமந்தியும் ரோஜாவும். துனிக்கு முன்னால் அன்னவரம். அந்த இலைப் பொட்டலம் உனக்கு மறந்திருக்காது. கோதுமை ரவையில் நெய்யும் சர்க்கரையும் போட்டுக் கிண்டியது, அப்பா ஒவ்வொரு டிரிப்பிலும் கொண்டுவருவார். நீ இலையை வழித்து நக்குவாயே. அது அன்னவரம் சத்தியநாராயண சாமி கோயில் பிரசாதம். மலையடிவாரத்தில் ரோட்டை ஒட்டியே வாங்கலாம். வேன் அத்தை சர்ச்சுக்குப் போகிறவள், ஆனாலும் அவள்தான் முதலில் இறங்கிப் போய் இரண்டு பொட்டலம் வாங்கி வந்தாள். பிரித்தேன். அதே நெய் வாசனை. அதே சூடு இலையில் ஏறி இலை கறுத்திருந்தது. என்னால் சாப்பிட முடியவில்லை, மடியிலேயே வைத்துக்கொண்டு விசாகப்பட்டினம் வரைக்கும் போனேன்.

டெக்கலி தாண்டியதும் பின்சக்கரம் பஞ்சர். அத்தைக்கு ஸ்டெப்னி மாற்றத் தெரியும், ஆனால் நட்டு இறுகிப்போய் அசையவில்லை. அரை மணி நேரம் போராடினோம். ஒரு டி.என். 28 லாரி தானாக ஓரம் கட்டி நின்றது. நாமக்கல் வண்டி. "ஏனுங்கம்மா, தனியாவா வந்தீங்க?" என்று கேட்டுக்கொண்டே அந்தப் பையன் இறங்கி வந்தான். உன் வயசுதான் இருக்கும். பத்து நிமிஷத்தில் மாற்றிவிட்டான். வீட்டுக்காரர் கல்கத்தா லைனில் இருந்தவர் என்று சொல்லிக் காசு நீட்டினேன். இரண்டு கையாலும் என் கையை மூடிவிட்டு, "லைன்காரங்க வீட்டுல காசு வாங்கக்கூடாதுங்கம்மா" என்றான். பலாசாவில் அவனுக்கென்று ஒரு கிலோ முந்திரிப்பருப்பு வாங்கினேன், வழியில் எங்கேயாவது பார்ப்போம் என்று. பார்க்கவில்லை. அது உனக்குத்தான் வருகிறது.

இச்சாபுரத்தோடு ஆந்திரா முடிகிறது. பலகையில் எழுத்து மாறுகிறது. ஒடியா எழுத்து ஒவ்வொன்றும் குடை பிடித்து நிற்கிற மாதிரி எனக்குத் தெரிந்தது. அங்கே கிரிசோலா செக்போஸ்டில் ஒரு ராத்திரி முழுக்க வரிசையில் நின்ற கதையெல்லாம் அவர் சொல்லியிருக்கிறார். நாங்கள் நிற்கவே இல்லை. 2017இல் ஜி.எஸ்.டி. வந்த பிறகு அந்த வரிச் சாவடிகள் போய்விட்டன. டோலில் ஃபாஸ்டேக் பீப் என்றதும் கட்டை தூக்குகிறது, அவ்வளவுதான்.

சண்டையும் போட்டோம், மறைக்கவில்லை. அத்தை, பூரி ஜகன்னாதர் ஊரைப் பார்த்துவிட்டுப் போகலாம், ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே போனால் போதும் என்றாள். நான் நேரே போயாக வேண்டும் என்று குரலை உயர்த்திவிட்டேன். இவ்வளவு தூரம் ஓட்டி வருகிறவளிடம் அப்படிப் பேசியது தப்பு. ஒரு மணி நேரம் இருவரும் பேசவில்லை. சிலிகா ஏரி ரோட்டை ஒட்டி வந்தபோது வண்டியை நிறுத்தினாள். நம் பழவேற்காடு ஏரி மாதிரிதான், இன்னும் பெரிசு. இந்தியாவிலேயே அதுதான் பெரிய உப்பு நீர் ஏரி, பழவேற்காடு அதற்கு அடுத்தது. தண்ணீர் மேல் ஆயிரக்கணக்கில் பறவைகள். கரையில் நின்றுகொண்டு அத்தை கேட்டாள்: "பானிகோயிலிக்குத்தானே அவசரம்? முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல." நான் அந்த ஊர்ப் பெயரை அவளிடம் ஒரே ஒரு தடவை சொல்லியிருந்தேன், ஆறு வருஷத்துக்கு முன்னால்.

உன்னிடம் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

1999ஆம் வருஷம், உனக்கு எட்டு வயசு. நம் வீட்டில் போன் கிடையாது. அப்பா எஸ்.டி.டி. பூத்திலிருந்து எதிர் மளிகைக் கடைக்கு அடித்து, எடுப்பதற்குள் வைத்துவிடுவார். எடுத்தால்தானே காசு. ஒருமுறை அடித்து வைத்தால் பெஜவாடா தாண்டியாயிற்று. இரண்டு முறை என்றால் கல்கத்தா சேர்ந்தாயிற்று. மூன்று முறை என்றால் லோடு ஏற்றியாயிற்று, ஊருக்குத் திரும்புகிறேன். கடைக்கார அண்ணன் எண்ணிவைத்து, பையனிடம் சொல்லி அனுப்புவார்: "அக்கா, ரெண்டு." அது போதும், நான் சோறு வடிப்பேன்.

அந்த அக்டோபரில் மூன்று வந்தது. இரண்டு நாளில் ஒடிசாவில் பெரிய புயல். 29ஆம் தேதி பாராதீப் பக்கம் கரையைக் கடந்தது. பத்தாயிரம் பேர் செத்துப்போனார்கள் என்று பிறகு கணக்கு வந்தது. டி.வி.யில் காட்டுவதைப் பார்க்க முடியாமல் உன்னைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவேன். காலை டிரிப் முடித்ததும் வேன் அத்தை என்னை வேனில் ஏற்றிக்கொண்டு வால்டாக்ஸ் ரோடு லாரி புக்கிங் ஆபீசுக்குப் போவாள். அவர்களுக்கும் ஒன்றும் தெரியாது. திரும்பி வருவோம். ராத்திரி நம் வீட்டிலேயே படுத்துக்கொண்டாள். பதினோரு நாள். பன்னிரண்டாம் நாள் கடையில் போன் அடித்தது, நிற்கவே இல்லை. கடைக்காரர் எடுத்தார். "நான் இருக்கேன்னு சொல்லுங்க" என்றாராம்.

அவர் வீடு வந்தபோது தீபாவளி முடிந்திருந்தது. உனக்குப் புதுத்துணி இல்லை. லாரி தார்ப்பாயும் கொஞ்சம் லோடும் காற்றில் போய்விட்டன, ஓனர் பேட்டாவில் பிடிக்கிறார் என்றார். தார்ப்பாயைக் கட்டக்கூடவா தெரியாது என்று நான் கத்தினேன். நீ நான்கு நாள் அவரோடு பேசவில்லை. அந்தத் தீபாவளியை இன்றைக்கும் நீ சொல்லிக்காட்டுகிறாய். சின்னப்பிள்ளை மனசில் பட்டது, உன்மேல் குற்றமில்லை.

அப்பாவின் பதினாறாம் நாள் காரியத்துக்கு, அப்போது கிளீனராக இருந்த தம்பி வந்தார். பந்தலுக்கு வெளியே வைத்து என்னிடம் சொன்னார். கல்கத்தாவிலிருந்து கோணி லோடு ஏற்றிவந்த வண்டி பானிகோயிலியில் மாட்டிக்கொண்டது. விடிந்து பார்த்தால் இரண்டு பக்கமும் மரம் சாய்ந்து ரோடே தெரியவில்லை. குடிசை ஒன்றும் நிற்கவில்லை. ரோடு மேடாக இருந்ததால் சனங்கள் குழந்தைகளோடு அதில் ஏறி உட்கார்ந்திருந்தார்கள், மழை விடவில்லை. அப்பா தார்ப்பாயை அவிழ்த்து லாரிக்கும் ஒரு மரத்துக்கும் கட்டினார். கோணிக் கட்டைப் பிரித்துக் கீழே விரிக்கவும் போர்த்திக்கொள்ளவும் கொடுத்தார். வண்டியில் சமையலுக்கு இருந்த அரிசியைக் கஞ்சி வைத்தார்கள். வழி திறந்து கிளம்பும்போது தார்ப்பாயை அவிழ்க்கலாமா என்று தம்பி கேட்டதற்கு, "அதுக்குக் கீழ புள்ளைங்க இருக்குதுடா" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தாராம். நான்கு மாதம் பேட்டாவில் பிடித்தார்கள். நம்மிடம் காற்றில் போனது என்றே சொன்னார், கடைசி வரைக்கும்.

பானிகோயிலியில் ஒன்றும் இல்லை, பாப்பா. இன்ன மரம், இன்ன இடம் என்று காட்ட ஆளில்லை. அகல ரோடு, பெட்ரோல் பங்க், கடைகள். ஒரு டீக்கடையில் உட்கார்ந்தோம். கடைக்கார அம்மா சூடாக உளுந்து வடை மாதிரி ஒன்றைச் சுட்டுப் போட்டார், பரா என்கிறார்கள், தொட்டுக்கொள்ளப் பட்டாணிக் குழம்பு. அவர் வீட்டுக்காரருக்கு என் வயசுதான் இருக்கும். என்னிடம் இருந்த மொழி அவ்வளவுதான் என்று "நைன்டி நைன், சைக்ளோன்" என்றேன். அந்த மனுஷர் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தார். "மஹாபாத்யா" என்றார். இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி, மரம் ஆடி விழுகிற மாதிரி காட்டினார். நான் ரோட்டைக் காட்டி, என் தாலி இருந்த இடத்தைத் தொட்டுக் காட்டினேன். என்ன புரிந்துகொண்டாரோ, மண் குவளையில் இன்னொரு டீ கொண்டுவந்து வைத்தார். அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் அழவில்லை. அப்பாவைத் திட்டிய அந்த ஒரு வார்த்தையை அந்த ரோட்டில் உட்கார்ந்து வாய்விட்டுத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

ஐந்தாம் நாள் சாயங்காலம் ஹவுரா. வண்டியை லாட்ஜில் விட்டுவிட்டுப் பாலத்துக்கு நடந்தோம். நட்டு போல்ட்டே இல்லாத பாலம், எல்லாம் ரிவெட் என்று அப்பா சொன்னபோது நீ நம்பவில்லை. உண்மைதான், 1943இல் திறந்தது, வெறும் ரிவெட்தான். விரலால் தடவிப் பார்த்தேன். கீழே பூ மார்க்கெட், பக்கத்தில் ஹூக்ளி ஆறு, தோளை இடித்துக்கொண்டு கூட்டம் போய்க்கொண்டே இருக்கிறது. ஸ்டேஷன் பக்கத்து பூத்திலிருந்துதான் அவர் அடிப்பார். பூத் எதுவும் இப்போது இல்லை. நான் செல்லை எடுத்து உன் நம்பருக்கு ஒருமுறை அடித்து வைத்தேன். மறுபடி ஒருமுறை. அங்கே விடிந்துகொண்டிருக்கும் என்பதைக்கூட யோசிக்கவில்லை.

திரும்பும்போது பூரிக்கும் போனோம். அத்தை கடலில் முழங்கால் வரை நின்றாள்.

கல்கத்தாவில் கிளம்பும்போது உனக்கு மூன்று அடித்திருக்க வேண்டும். நீ பயந்துபோயிருந்ததால் அடிக்கவில்லை. ஜூலையில் நீ வரும்போது அங்கே விமானம் ஏறியதும் எனக்கு மூன்று அடித்துவிட்டு வை. நான் எடுக்கமாட்டேன், எண்ணிக்கொள்வேன்.

அன்புடன்,
அம்மா