நடைக்கு அனுமதி தரும் தாளிலேயே இசைக்கும் அனுமதி தாருங்கள்

கோவை மாநகரில் மரபு நடைகளுக்கு அனுமதி வழங்கும் பொறுப்பில் உள்ள அலுவலர்களுக்கு,

வணக்கம்.

ஊரின் பழைய இடங்களுக்கு மக்களை நடத்திச் சென்று, அவற்றின் இசை வரலாற்றைச் சொல்வதே எங்கள் மரபு நடை. சென்ற மாதம் மூன்றாம் ஞாயிற்றுக்கிழமை காலையில் ராஜ வீதித் தேர்நிலைத் திடலருகே அத்தகைய நடை ஒன்றில் பறை வாசிக்க அனுமதி மறுக்கப்பட்டதைத் தாங்கள் அறிவீர்கள். எங்கள் விண்ணப்பமும், தாங்கள் தந்த அனுமதிக் கடிதமும், அன்று மாலையே நான் நேரில் கொடுத்த முறையீடும் தங்கள் கோப்பில் இருக்கின்றன. ஆகவே அவற்றை மறுபடியும் விவரிக்க மாட்டேன். கோப்பில் ஏறாத ஒன்றைச் சொல்லவே இந்த மடலை எழுதுகிறேன்.

அன்று எங்களோடு வந்திருந்த பறைக் கலைஞருக்கு வயது 68. பேரூர்ப் பக்கத்திலிருந்து முதல் பேருந்தைப் பிடித்து ஆறரை மணிக்கே வந்துவிட்டார். பறையைக் காய்ச்சாமல் அடிக்க முடியாது. தோல் சூடேறி விறைத்தால்தான் ஓசை கணீரென்று எழும். ஆறிவிட்டால் தொய்ந்துபோய், ஈரத்துணியைத் தட்டியது போலத்தான் கேட்கும். அவர் திடலின் ஓரத்தில் பழைய செய்தித்தாளையும் காய்ந்த தென்னை ஓலையையும் கொளுத்தி, பறையைத் தீக்கு மேலே திருப்பித் திருப்பிக் காட்டி, நடுநடுவே விரலால் சுண்டிக் காதருகே வைத்துக் கேட்டு, ஏழு மணிக்கு முதல் தடவை காய்ச்சி முடித்தார். குச்சியைக் கையில் எடுத்தபோதுதான், அனுமதி நடைக்கு மட்டுமே என்றும், வாத்தியம் வாசிப்பதென்றால் மேலே கேட்டுச் சொல்ல வேண்டும் என்றும் காவலுக்கு வந்திருந்தவர் தெரிவித்தார். காத்திருந்தோம். பறை ஆறியது. "இன்னொருக்காக் காச்சட்டுங்களா, டீச்சரம்மா?" என்று கேட்டார். ஏழே முக்காலுக்கு இரண்டாம் தடவை காய்ச்சினார். அப்போதும் பதில் வரவில்லை. எட்டே காலுக்கு மூன்றாம் தடவை காய்ச்ச முனைந்தபோது எரிக்கத் தாள் இல்லை. நடைக்கு வந்திருந்த கல்லூரி மாணவி ஒருத்தி, நாங்கள் அச்சடித்துக் கொடுத்திருந்த வழித்தடத் தாளை மடித்து அவரிடம் நீட்டினாள்.

எட்டே முக்காலுக்குத்தான் கூடாது என்ற பதில் வந்தது. அவர் ஒரு சொல்லும் பேசாமல் அடிகுச்சியையும் சுண்டுகுச்சியையும் இடுப்பில் செருகிக்கொண்டு, சூடு ஆறாத பறையைத் துண்டால் போர்த்தி மடியில் வைத்து, திண்டில் உட்கார்ந்துவிட்டார். முன்கை முழுக்கப் புகைக்கரி படிந்திருந்தது. நடையை வழிநடத்திய இளைஞர் வேறு வழியின்றிக் கைபேசியில் இருந்த பறையொலிப் பதிவு ஒன்றை உள்ளங்கை அளவுள்ள ஒலிபெருக்கியில் போட்டார். தங்கள் கடிதத்தில் அனுமதிக்கப்பட்ட பொருள்களின் பட்டியலில் "கையடக்க ஒலிபெருக்கி - 1" என்று இருந்தது. நாற்பது பேர் குனிந்து அந்தப் பெட்டியைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பத்தடி தள்ளி, அதே அடியை ஐம்பது ஆண்டுகளாக அடித்து வருகிறவர் வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தார். அந்தக் காட்சியை என்னால் மறக்க முடியவில்லை. முப்பத்தோராண்டுகள் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்தவள் நான். அன்றுபோல் ஒருநாளும் கூனிக் குறுகி நின்றதில்லை.

தங்கள் தரப்பில் ஒலி மாசு விதிகள் காரணமாகக் காட்டப்பட்டன. 2000ஆம் ஆண்டின் அந்த விதிகளை நானும் படித்திருக்கிறேன். எழுத்து மூலம் முன் அனுமதி பெற வேண்டும் என்று அவை சொல்வது ஒலிபெருக்கிக்குத்தான். இசைக்கருவிகளைத் திறந்த வெளியில் வாசிக்கக் கூடாது என்று அவை தடுப்பது இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரைதான். நாங்கள் கேட்டதோ காலை ஏழு மணிக்கு, ஒலிபெருக்கி இல்லாமல், இருபது நிமிடம். விதி கட்டுப்படுத்தும் பொருளுக்கு அனுமதி கிடைத்தது. அந்த வேளையில் விதி தடுக்காத பொருள் நிறுத்தப்பட்டது. இது எப்படி நேர்ந்தது என்பதைத் தாங்கள் விளக்க வேண்டும் என்று பணிவோடும், மிகுந்த மனவருத்தத்தோடும் கேட்கிறேன்.

எங்கள் கோரிக்கை ஒன்றே ஒன்றுதான். நடைக்கு அனுமதி தரும் அதே தாளில், அந்த நடையில் வாசிக்கும் கலைஞருக்கும் அனுமதி தாருங்கள்.

இந்த ஊரின் இசையைக் கல்லையும் கட்டடத்தையும் காட்டிச் சொல்லிவிட முடியாது. சுந்தரர் தில்லைப் பதிகத்தில் "மீகொங்கில் அணிகாஞ்சிவாய்ப் பேரூர்" என்று பாடினார். நொய்யல் ஆற்றுக்குக் காஞ்சி என்ற பெயர் இருந்ததை இன்றைய பிள்ளைகள் அந்த வரியைப் பாடிக் கேட்டால்தான் மனத்தில் வைத்துக்கொள்கிறார்கள். வெரைட்டி ஹால் ரோட்டில் 1914இல் சாமிக்கண்ணு வின்சென்ட் கட்டிய திரையரங்கைப் பற்றிச் சொல்கிறோம். மௌனப் படக் காலத்தில் திரையில் படம் ஓடும்போது பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கிற வழக்கம் இருந்ததைச் சொன்னால், கேட்பவர்கள் தலையாட்டுகிறார்கள். ஓர் ஆர்மோனியக்காரரை நிறுத்தி வாசிக்க வைத்த அன்று பலர் அந்த இடத்தை விட்டு நகரவே இல்லை. சிங்காநல்லூரில் சென்ட்ரல் ஸ்டூடியோ, புலியகுளத்தில் ஸ்ரீராமுலு நாயுடுவின் பட்சிராஜா ஸ்டூடியோ என்று தமிழ்ப் படப் பாடல்கள் பிறந்த இடங்கள் இங்கே இருந்தன. எம்.எஸ்.விஸ்வநாதன் இளம் வயதில் ஜூபிடர் படநிறுவனத்தின் எடுபிடிப் பையனாக வேலை பார்த்ததும், இசையமைப்பாளர் எஸ்.எம்.சுப்பையா நாயுடுவின் அருகிருந்து மெட்டமைக்கக் கற்றதும் அந்தச் சிங்காநல்லூரில்தான். வயலின் வாசிக்கும் ஒருவர் கூட வந்தால் அந்த வரலாறு பத்து நிமிடத்தில் விளங்கிவிடும். வெறும் பேச்சில் விளங்குவதில்லை.

பொன்னர், சங்கர் என்ற அண்ணன் தம்பியரைப் பற்றி உடுக்கையடித்துப் பாடும் அண்ணன்மார் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். பிரெண்டா பெக் என்ற கனடா நாட்டு ஆய்வாளர் காங்கயம் பக்கத்து ஓலப்பாளையத்தில் தங்கி, 1965இல் இரவிரவாக அதை ஒலிப்பதிவு செய்தார். கடல் கடந்து வந்தவருக்கு நம் கிராமத்தார் திண்ணையில் இடம் கொடுத்து, முழுக் கதையையும் பாடிக் காட்டினார்கள். இன்று அதே கொங்கு நாட்டின் பெருநகரில், நம் பிள்ளைகளுக்கு நம் கலைஞர் இருபது நிமிடம் வாசித்துக் காட்ட இடமில்லை என்றால் யாரிடம் போய்ச் சொல்வது?

வெளிநாட்டை உதாரணம் காட்டுவதில் எனக்கு விருப்பம் குறைவு. இருந்தாலும் ஒன்றைச் சொல்கிறேன். லிவர்பூலில் பீட்டில்ஸ் குழுவினர் வாசித்த கேவர்ன் அரங்கு 1973இல் மூடப்பட்டு இடிபட்டது. 1984இல் அதை ஏறக்குறைய அதே இடத்தில் திரும்பக் கட்டினார்கள். இசை நடைக்கு வருகிறவர்கள் அந்தப் படிகளில் இறங்கினால் யாரோ ஒருவர் கிதாரை மீட்டிப் பாடிக்கொண்டிருப்பார். இங்கே எதையும் திரும்பக் கட்ட வேண்டியதில்லை. நம் கலைஞர்கள் உயிரோடு இருக்கிறார்கள். கூப்பிட்டால் முதல் பேருந்தில் வருகிறார்கள்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பெரிய மனிதர்களை வரவேற்க இதே பறையும் உருமியும் கொம்பும் நடுச்சாலையில் மணிக்கணக்கில் முழங்குகின்றன. அப்போது யாரும் தாள் கேட்பதில்லை. ஒப்பணக்கார வீதியில் நாள் முழுக்க ஒலிக்கும் காற்று ஒலிப்பான்களை யாரும் நிறுத்துவதில்லை. கலைஞரைத் தெருவில் நிறுத்தி வாசிக்க வைப்பது மாலை மரியாதைக்கு மட்டும்தானா, அவர் கலையைக் கற்றுக்கொள்ள ஆசைப்பட்டு வருகிறவர்களுக்காக அவர் வாசிக்கக் கூடாதா என்பதே என் ஆற்றாமை. கொஞ்சம் கடுமையாக எழுதிவிட்டேன் என்றால் பொறுத்தருள வேண்டும். தாங்கள் எங்கள் நடைகளுக்குச் சாலையோரத்தில் தடுப்பு வைத்துத் தந்ததையும், மழைநாளில் மண்டபம் திறந்துவிட்டதையும் நன்றியோடு நினைத்திருக்கிறேன்.

எனவே மீண்டும் வேண்டுகிறேன். விண்ணப்பப் படிவத்தில் "வாசிக்கும் கருவி, நேரம், இடம்" என்று ஒரு வரி சேர்த்து, நடைக்கு அனுமதி தரும் அதே தாளில் இசைக்கும் அனுமதி தாருங்கள். பறை காய்ச்சத் திடலின் ஒரு மூலையைக் குறித்துக் கொடுத்தால், மணல் வாளியும் தண்ணீரும் நாங்களே கொண்டுவந்து வைக்கிறோம். வாசிக்கக் கூடாது என்றால், அதையும் அவர் வீட்டைவிட்டுப் புறப்படுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். அன்று அவர் எங்களுக்காக ஒரு மாரியம்மன் நோம்பிக்கு வந்த அழைப்பை விட்டுவிட்டு வந்திருந்தார். பேசிய தொகையை நாங்கள் கொடுத்தபோது, "அடிக்காத பறைக்குக் காசு வாங்கக் கூடாதுங்க" என்று கையை எடுத்துவிட்டார். பேருந்துக் காசு மட்டும் வாங்கிக்கொண்டார்.

அடுத்த நடை வரும் மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை. விண்ணப்பத்தை இந்த மடலோடு இணைத்திருக்கிறேன். வரட்டுங்களா என்று அவர் இரண்டு தடவை தொலைபேசியில் கேட்டுவிட்டார். அவருக்கு நான் என்ன சொல்லட்டும் என்பதைத் தாங்கள் தயவுகூர்ந்து தெரிவிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி இசை ஆசிரியை,
செல்வபுரம், கோவை.