ஒறம்பரை மாதிரி தங்கலாம் கண்ணு

அன்புள்ள கண்ணுக்கு,

அம்மா எழுதறேன். நீ அனுப்பின பயணத் திட்டத்தை ரெண்டு தடவை படிச்சேன். மூணாவது தடவை பென்சிலோட உட்கார்ந்துட்டேன், பள்ளிக்கூடத்துப் பழக்கம் விடலை.

எட்டு நாள்ல கொடைக்கானல், மூணாறு, ஊட்டி, மைசூர், காரைக்குடி, தஞ்சாவூர்னு போட்டிருக்கே. எங்களுக்கு எல்லாத்தையும் காட்டிரணும்னு நீ ஆசையா போட்டதுன்னு தெரியுது. ஆனா கண்ணு, இதுல பாதிப் பொழுது வண்டிக்குள்ளயே போயிரும், மீதிப் பொழுது பொட்டியைப் பிரிக்கவும் கட்டவும் சரியாப் போயிரும். ஒறம்பரையா, விருந்தாளியா ஒரு வீட்டுக்குப் போனா, முதல் நாள் கூச்சத்துலயே கழியும். எந்தத் திண்ணையில காத்து வரும், எந்தச் சன்னல்ல காலை வெயில் விழும்னு ரெண்டாம் நாள்தான் பிடிபடும். பழைய அரண்மனையும் பங்களாவும் அப்படித்தான். ராத்திரி பத்து மணிக்குப் போய்ப் படுத்து, விடிஞ்சதும் இட்லி தின்னுட்டுக் கிளம்பினா, நீ கட்டற அவ்வளவு பணமும் வீண்.

அதனால ரெண்டே ஊர். ஊட்டியில மூணு ராத்திரி, மைசூர்ல மூணு ராத்திரி. காரைக்குடியை அடுத்த வருசத்துக்கு வெச்சுக்கலாம். செட்டிநாட்டு வீடுகளுக்குத் தனியா ஒரு வாரம் வேணும், ஆத்தங்குடிக் கல்லு மேல கால் நீட்டி உட்காரவே ஒரு நாள் பத்தாது.

ஏன் இந்த ரெண்டு ஊர்னு கேப்பே. ஊட்டி ஃபெர்ன்ஹில்ஸ் அரண்மனை மைசூர் மகாராஜாக்கள் வெயில் காலத்துக்கு வந்து தங்கின வீடு. மைசூர் லலித மகால் அவங்க கட்டின விருந்தாளி வீடு. 1921-ல நால்வடி கிருஷ்ணராஜ உடையார், வைஸ்ராய் வந்தா தங்கறதுக்குன்னே கட்டினார், 1974-ல அது ஹோட்டலாச்சு. ஒறம்பரைக்குன்னே ஒரு அரண்மனை! அதோட கோபுரம் உங்க லண்டன் செயின்ட் பால்ஸ் தேவாலயத்தைப் பார்த்துக் கட்டினதாம். நீ வேலைக்குப் போற வழியில பார்க்கறதை இங்க சாமுண்டி மலைப் பக்கத்துல நின்னு அப்பாவுக்குக் காட்டலாம்.

அப்பாவுக்காகத்தான் முக்கியமா கேக்கறேன். இருபத்தாறு வருசம் ஈரோட்டு ஜவுளி பேலை ஏத்திட்டு மைசூர் போயிட்டு வந்தவர். கோபியில பொழுதோட கிளம்பி, ராத்திரியோட ராத்திரியா திம்பம் மலை ஏறி, விடியறப்போ கிடங்குல இறக்கிட்டுத் திரும்பிருவார். தூங்கினதெல்லாம் கேபின்லயே. ஒரு ஞாயித்துக்கெழமை லோடு தாமதமாகி நின்னப்போ, அரண்மனை விளக்கைத் தூரத்துல இருந்து பார்த்தேன்னு வந்து சொன்னார். அந்த ஒரு தடவைதான். நீ அப்போ நாலாவது படிச்சுட்டிருந்தே. அதனால அந்த விளக்கை அவர் பக்கத்துல நின்னு பார்க்கற மாதிரி, மைசூர்ல நாம தங்கற மூணு நாள்ல ஒரு ஞாயித்துக்கெழமை கண்டிப்பா வரணும். மத்ததை எப்படி வேணும்னாலும் மாத்திக்கோ, இதை மட்டும் மாத்தாதே.

மாசம் தை கடைசியா இருக்கட்டும். ஐப்பசி கார்த்திகை மழையில மேட்டுப்பாளையம் குன்னூர் ரோட்டுல மண் சரியும். சித்திரை வைகாசியில சீசன் கூட்டம், நிறுத்தி நிதானமா எதையும் பார்க்க முடியாது. தையில ஊட்டியில உறைபனி விழும், குளிரும். குளிரட்டும், அதுக்குத்தான் கணப்பு அடுப்பு இருக்கற அறையா கேக்கச் சொல்றேன். ஃபெர்ன்ஹில்ஸ்ல இடம் கிடைக்கலைன்னா சவாயைக் கேளு, அதுவும் பழைய இடம், கணப்பு வெச்ச அறைகள் உண்டு.

புக் பண்றதுக்கு முன்னாடி போன் போட்டு மனுசங்ககிட்டப் பேசு. மூணு வருசத்துக்கு முன்னாடி சித்தி குடும்பத்தோட ஒரு மலை ஊருக்குப் போனோமே, போட்டோவுல பழைய பங்களாவைக் காட்டிட்டு, பின்னாடி புதுசா கட்டின வரிசையில ரூம் குடுத்துட்டாங்க. சுடுதண்ணி காலையில ஒரு மணி நேரம்தான். அங்க நான் அழுதது உனக்குத் தெரியாது. அதனால பழைய கட்டடத்துலயே ரூமான்னு கேளு, தரைத்தளமான்னு கேளு. அரண்மனைப் படிக்கட்டு அழகுதான், அப்பா முட்டி அதை ஏறாது. வண்டியும் அப்படியே. தரையோட தரையா இருக்கற சொகுசுக் கார் படம் அனுப்பியிருந்தே, அதுல அவர் உட்கார்ந்தா எந்திரிக்க ரெண்டு பேர் வேணும். இன்னோவா மாதிரி உசரமா எடு.

நீலகிரிக்குள்ள போக 2024 மே மாசத்துல இருந்து இ-பாஸ் வேணும், மறந்துராதே. பிளாஸ்டிக் பாட்டில் தண்ணியும் விட மாட்டாங்க. எவர்சில்வர் கூஜாவும், முதல் நாளைக்கு அரிசிம்பருப்புச் சோறும் நான் கட்டிக்கறேன்.

போறப்போ சத்தியமங்கலம், பவானிசாகர், சிறுமுகை, மேட்டுப்பாளையம். பவானிசாகர்ல கொஞ்சம் நிறுத்து. 1955-ல அணை கட்டி முடிச்சப்போ தணாயக்கன் கோட்டை தண்ணிக்குள்ள போயிருச்சு. தண்ணி வத்தினா கோயில் தலை தெரியும். மைசூர்ப் பக்கமிருந்து கெஜலெட்டிக் கணவாய் வழியா கொங்கு நாட்டுக்குள்ள இறங்கினவங்களுக்கு அந்தக் கோட்டைதான் வாசல். பேத்தி சின்ன அம்மிணிக்குத் தண்ணியைக் காட்டி நான் சொல்லிக்கறேன். அவளுக்கு வளைவுல வாந்தி வரும்னு மருமக சொன்னா, அதனால குன்னூர்ல நானும் அவளும் மலை ரயில் ஏறிக்கறோம். 1908-ல ஊட்டி வரைக்கும் போட்ட தண்டவாளம், ஒரு மணி நேரம் ஆகும். நீங்க வண்டியில வந்துருங்க.

ஊட்டியில நான் பார்க்க நினைக்கறது ஒண்ணே ஒண்ணு, செயின்ட் ஸ்டீபன் தேவாலயம். 1831-ல திறந்தது. அதோட உத்தரம் எல்லாம் ஸ்ரீரங்கப்பட்டணத்துல திப்புவோட அரண்மனையைப் பிரிச்சு மலைக்கு ஏத்திட்டு வந்த மரம். பிள்ளைகளுக்கு எத்தனையோ வருசம் திப்பு விழுந்தது 1799-ன்னு கரும்பலகையில எழுதியிருக்கேன், அந்த மரத்தைத் தொட்டதில்லை. இந்தத் தடவை மரத்தைத் தொட்டுட்டு, அடுத்து மைசூர்ல இருந்து அது வந்த ஊருக்கே போயிரலாம். அங்க தரியா தௌலத் இன்னும் நிக்குது, 1784-ல கட்டின மர மாளிகை.

ஊட்டியில இருந்து மைசூருக்குக் கல்லட்டி வழிதான் குறுக்குன்னு போன் காட்டும். 36 கொண்டை ஊசி வளைவு, செங்குத்து இறக்கம், வேண்டாம். கூடலூர், தெப்பக்காடு, பந்திப்பூர்னு போ. பந்திப்பூர்க் காட்டு ரோடு ராத்திரி 9 மணிக்கு அடைச்சா காலை 6 மணிக்குத்தான் திறக்கும், நாம மத்தியானமே தாண்டிரணும். நஞ்சன்கூட்டுல சாமி கும்பிட்டு, ரசபாளை வாழைப்பழம் ஒரு சீப்பு வாங்கிக்கலாம்.

திரும்பறப்போ சாமராஜநகர், ஆசனூர், திம்பம். அங்கயும் ராத்திரியில வண்டி விடறதில்லை, பகல்லயே வர்ற மாதிரி மைசூர்ல காலைச் சாப்பாடு முடிஞ்சதும் கிளம்பணும். அந்த 27 வளைவையும் தானே ஓட்டறேன்னு அப்பா கேப்பார். குடுக்காதே. ஆனா முன் சீட்டுல அவரை உட்கார வை, நானும் மருமகளும் பின்னாடி உட்கார்ந்துக்கறோம். ஏறின கியர்லயே இறங்கு, பிரேக்கை மிதிச்சுட்டே இருந்தா சூடாகிப் பிடிக்காதுன்னு சொல்லுவார். ஏறி வர்ற வண்டிக்கு வழி விடுன்னு சொல்லுவார். எந்த வளைவுல எந்த வருசம் அச்சு முறிஞ்சு நின்னார்னும் சொல்லுவார். அவசரப்படாம கேட்டுட்டே இறங்கு சாமி. அவர் இதையெல்லாம் வீட்டுல யாருக்கும் முழுசா சொன்னதில்லை. கீழ வந்ததும் பண்ணாரி அம்மனைக் கும்பிட்டுட்டு, பொழுது சாயறதுக்குள்ள வீட்டுக்கு வந்துரலாம்.

தேதியை மட்டும் சீக்கிரம் சொல்லு. ஏழு நாளைக்குக் கட்டுத்தரையைப் பார்க்கவும் பால் கறக்கவும் ஆள் சொல்லி வெக்கணும்.

அம்மா