சூட்டின் அழிக்க நினைத்த ஊர்: அருங்காட்சியகங்களுக்கு ஒரு திறந்த மடல்

பிரான்சில் வாழ்ந்த ஓவியர் ஷைம் சூட்டின் செரே என்ற ஊரில் வரைந்த ஓவியங்களைப் பாதுகாத்துவரும் அருங்காட்சியகக் காப்பாளர்களுக்கு,

வணக்கம். படத்துக்குப் பக்கத்தில் ஒட்டும் விளக்க அட்டையைப் பற்றித்தான் எழுதுகிறேன். செரே நிலக்காட்சிகள் என்றாலே வறுமை, வயிற்றுப்புண், அலைக்கழிந்த மனம் என்று தொடங்குவது வழக்கமாகிவிட்டது. வீடு சாய்ந்திருக்கிறதா, வரைந்தவருக்கு மனசு சரியில்லை, கதை முடிந்தது.

வயிற்றுப்புண் பொய்யில்லை. நாஜிகளுக்குப் பயந்து ஒளிந்து வாழ்ந்த யூதரான சூட்டினின் உயிரை 1943-இல் அதுதான் வாங்கியது. ஆனால் வயிற்றுவலிக்காரர் எல்லாரும் ஊரை இப்படி வரைந்துவிடுவதில்லையே!

ஓவிய வணிகர் ஸ்பொரோவ்ஸ்கி அனுப்பிவைக்க, 1919-இல் சூட்டின் செரேவுக்குப் போனார். பிரான்சின் தென்கோடியில், பைரனீஸ் மலையடிவாரத்து ஊர். 1922 வரை பெரும்பாலும் அங்கேதான் இருந்தார். வரையும் பொருள் கண்ணெதிரே இருந்தாக வேண்டும் அவருக்கு. சுற்றிலும் மேடும் சரிவுமான இடம் என்பதால் சாய்வு அந்த மண்ணிலேயே இருந்தது. அதை அவர் உச்சம்வரை இழுத்துக்கொண்டு போனார், அவ்வளவுதான்.

அந்தப் படங்களில் அடிவானத்தைத் தேட வேண்டும். வானம் மேலே ஒரு மூலையில் ஒடுங்கிக் கிடக்கும். மரம் வளையும் பக்கமே வீடும் வளையும்; கூரை எங்கே முடிகிறது, கிளை எங்கே தொடங்குகிறது என்று பிரிப்பது கடினம். பார்க்கிறவர் காலூன்றச் சமதளமே இல்லை. படத்துக்குப் படம் இதே சாய்வு என்றால், அது காய்ச்சலில் வந்த கைநடுக்கமா, யோசித்து எடுத்த முடிவா?

அப்புறம், அட்டைகளில் அடிக்கடி விடுபடும் செய்தி ஒன்று. 1922-23 குளிர்காலத்தில் அமெரிக்கச் சேகரிப்பாளர் ஆல்பர்ட் பார்ன்ஸ் சூட்டினின் ஓவியங்களில் 50-க்கும் மேற்பட்டவற்றை மொத்தமாக வாங்கினார். கையில் காசும் பெயரும் வந்த பிறகு, சூட்டினுக்குச் செரே படங்களே பிடிக்காமல் போயின. தேடித்தேடித் திரும்ப வாங்கினார், அழித்தார். உங்கள் சுவரில் தொங்குவது அவர் கைக்கு எட்டாமல் தப்பியது. 1950-இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் அவருக்குப் பெரிய கண்காட்சி நடத்தியபோது, வேண்டாம் என்று சொல்ல அவர் உயிரோடு இல்லை.

படங்களைக் கழற்றச் சொல்லவில்லை. இந்த விஷயத்தில் சூட்டினின் தீர்ப்பு தவறு என்பதே என் எண்ணம். பின்னால் அவர் வரைந்த சாந்தமான நிலக்காட்சிகளைவிட இவைதான் எனக்குப் பெரியவை. ஆனாலும் வரைந்தவரே இதை ஒழிக்கப் பார்த்தார் என்று அட்டையில் ஒரு வரி இருக்கட்டும். இடம் போதாதென்றால் வயிற்றுப்புண்ணை எடுத்துவிடுங்கள்.

முடிந்தால் விளக்கைப் பக்கவாட்டில் வையுங்கள். நேர் வெளிச்சத்தில், தடிப்பாய் அப்பிய சாயத்தின் மேடுபள்ளம் தட்டையாகிவிடுகிறது.

அன்புடன்,
ஓவியம் பார்க்கும் ஒரு தமிழ் வாசகர்