தலைமுறைக்கு ஒன்று

அன்பு நண்பா,

உன் முழங்கால் வலி இப்போது தேவலையா? எழுது. போன கடிதத்தில் நீ கேட்ட கேள்வி என்னை இரண்டு வாரமாக விடவில்லை. பிரிந்து வாழும் இரண்டு விலங்குக் கூட்டங்களின் மரபணுக்கள் ஒரேயடியாக விலகிப் போகாமல் இருக்க, நடுவே எத்தனை விலங்குகள் இடம் மாற வேண்டும்? நூற்றுக்குக் குறைந்தது பத்து வேண்டும் என்றுதான் நானும் நினைத்தேன்.

தலைமுறைக்கு ஒன்று போதுமாம்! 1931இல் சூவல் ரைட் என்ற மரபியலாளர் போட்டுக் காட்டிய கணக்கிலிருந்து வருவது இது. வந்தது அங்கேயே குட்டி போட வேண்டும், அவ்வளவுதான். கூட்டம் நூறானாலும் பத்தாயிரமானாலும் அதே ஒன்று. இது எனக்குப் பிடிபடவே நாளாயிற்று. சின்னக் கூட்டத்தில் தற்செயலாகவே சில மரபணு வகைகள் சீக்கிரம் அழிந்து, அது மற்றதிலிருந்து விலகிப் போகும். பெரிய கூட்டத்தில் அதற்கு வெகுகாலம் பிடிக்கும். வந்த ஒன்று சின்னக் கூட்டத்தில் நூறில் ஒரு பங்கு, பெரியதில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. விலக்கும் வேகம் எவ்வளவு குறைகிறதோ, சேர்க்கும் வேகமும் அவ்வளவே குறைகிறது. அதனால் கணக்கு ஒன்றுதான். அப்போதும் வித்தியாசம் முழுக்க மறையாது. வித்தியாசமே இல்லை என்றால் 0, முழுக்க வேறு என்றால் 1 என்று வைத்தால், அது 0.2 பக்கம் நிற்கும். அது நல்லதுதான். வரத்து மிதமிஞ்சினால் அந்தந்த இடத்துக்கென்று அமைந்த தன்மைகள் கரைந்துபோகலாம்.

அப்புறம், ஐல் ராயல் ஓநாய்களைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். அமெரிக்காவின் சுப்பீரியர் ஏரியில் உள்ள தீவு அது. ஏரி உறைந்தால்தான் வெளியிலிருந்து ஓநாய் வர முடியும். 1997இல் ஓர் ஆண் ஓநாய் பனிக்கட்டி மேல் நடந்தே வந்து சேர்ந்தது. கொஞ்ச காலத்திலேயே தீவில் எங்கு பார்த்தாலும் அதன் வாரிசுகள். ஆனால் அதற்குப் பின் போதிய வரவு இல்லை. உறவுக்குள்ளேயே இணைந்து இணைந்து, 2018 தொடக்கத்தில் மிஞ்சியவை இரண்டே இரண்டு: ஓர் அப்பா, அதன் மகள். அந்த இரண்டும் ஒரே தாய் வயிற்றில் பிறந்தவை. படித்தபோது மனசு கனத்துப் போனது. அந்த 'ஒன்று' ஒவ்வொரு தலைமுறையிலும் வந்தாக வேண்டும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அந்த ஆண்டு இலையுதிர் காலத்தில் வெளியிலிருந்து ஓநாய்களைக் கொண்டுவந்து விட ஆரம்பித்தார்கள். ஏரி முன்போல அடிக்கடி உறைவதில்லை. இனியும் மனிதர்கள்தான் கொண்டுபோய் விட வேண்டுமா? நீ என்ன நினைக்கிறாய்?

அன்புடன்,
உன் நண்பன்